ஒரு டொலர் வேதனம்
கல்லூரிப் பயிற்றுநர் ஒருவரின் வாழ்க்கை பற்றிச் சில சிந்தனைகள்

விழாக் காலம் கணக்கெடுக்குங் காலமாகும். ஒரு கல்லூரி தான் கடந்துவந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கையில், அதனை நிறுவிய பெரியாரையும், அதிபர்களாயமர்ந்து அதனை வளர்த்தோரையும், மண்டபமும் நூல்நிலையமும் எழப் பொருளீந்த வள்ளல்களையும் நன்றியுடன் நினைத்தல் முறையே. சோதனைப் பெறுபேறுகளும், பழைய மாணவர் வகித்த பதவிகளும் அட்டவணைகளாக அச்சேறுதலும் வழக்கமே. ஆயின் மாலை நான்கு மணிக்குப்பின், ஏனையோர் வீடு சென்ற வேளையில், மைதானத்தின் புழுதியில் நின்ற பயிற்றுநருக்கு மலர்களிற் கிடைக்கும் இடம் யாது? விளையாட்டறிக்கையின் இறுதியில் வரும் நன்றியுரை வரி ஒன்றே. ஓர் ஆயுட்காலத் தொண்டு அவ்வொரு வரியுள் அடங்கிப்போகின்றது. இது நீதியன்று என்பது எமது துணிபு.

இத்துணிபினை விளக்க எமது நாட்டுப் பெயர்களை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால், இன்னார் பெரியவர், இன்னார் சிறியவர் என்ற வாதம் எழும். கல்லூரிக்குக் கல்லூரி பற்றும் போட்டியும் குறுக்கிடும். எட்ட நிற்பதனைத் துலாக்கோலில் இடுதல் எளிது. ஆதலால், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, எமது மாணவர் பெரும்பாலும் ஆடியறியாத பேஸ்போல் என்னும் ஆட்டத்திலே, தாம் கற்ற கல்லூரிக்கு நாற்பத்தைந்து பருவங்கள் பயிற்சியளித்த றொட் டேடோ என்பவரின் வாழ்க்கையை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

ஆட்டத்தைப் பற்றி ஒருசொல். துடுப்பாட்டம் அறிந்தவர்க்கு இதன் சாயலை உணர்தல் அரிதன்று. ஒருவர் பந்தை வீச மற்றவர் உருண்டைத் தடியால் அடிப்பர். அடித்தவர் நான்கு தளங்களையுஞ் சுற்றி ஓடி மீண்டால் ஓர் ஓட்டம். அணிக்கு ஒன்பதுபேர்; முறைகளும் ஒன்பது. மூவர் ஆட்டமிழந்ததும் ஒரு பக்கத்தின் முறை முடிந்துவிடும். துடுப்பாட்டத்திற்போல நாள் முழுதும் நின்று பிழைத்துக்கொள்ள இதில் இடமில்லை. நொடியில் நினைத்து நொடியிற் செய்தல் வேண்டும். ஆகவே உடற்பயிற்சியிலும் பார்க்க மனப்பயிற்சியே இதில் ஆசிரியனின் முதல் வேலையாகின்றது.

றொட் டேடோ 1914ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரிற் பிறந்தவர். கலிபோர்னியாவிலே, ஹொலிவூட் உயர்தரப் பாடசாலையிற் கற்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியா சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கு அவருக்குப் பயிற்றுநராய் வாய்த்தவர், கூடைப்பந்தாட்டத்திலும் பெயர்பெற்ற சாம் பரி என்பவர். படிப்பு முடிந்த 1935ஆம் ஆண்டிலே புறூக்ளின் டொட்ஜர்ஸ் என்னும் பெருங் குழுவிற் சேரும் பேறு அவருக்குக் கிட்டியது. ஆயின் அப்பேறு நீடிக்கவில்லை. இரண்டே ஆட்டங்கள். நான்குமுறை அடிக்க நின்றார், ஒருமுறை வென்றார். பின்னர் முதுகில் ஏற்பட்ட காயம் அவரது ஆட்டவாழ்வைக் குறுக்கிவிட்டது. அக்குழுவின் நிருவாகியாயிருந்த கேசி ஸ்ரெங்கலின் தொடர்பு மட்டும் நீடித்தது. பிற்காலத்தில் நியூ யோர்க் யங்கீஸ் குழுவிற்கு ஏழுமுறை உலகத் தொடர் வெற்றி தேடித்தந்த அப்பெரியாரை டேடோ தமது குருவாகவே கொண்டார்.

ஆட வாய்ப்பிழந்த இளைஞர் ஐந்நூறு டொலரை முதலாக இட்டு ஒரு லொறிப் போக்குவரத்துக் கொம்பனியைத் தொடங்கினார். அது வளர்ந்தது, பெருஞ் செல்வத்தைத் தந்தது. இரண்டாம் உலகப்போரின் காரணமாகச் சாம் பரி 1942இற் கடற்படை சேர்ந்தபோது, கல்லூரி அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருபத்தெட்டு வயதினராகிய பழைய மாணவரிடம் வந்தது. போரின் பின் ஆசிரியர் மீண்டு வந்ததும், மாணவர் அவருடன் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 1950இற் பரி மறைந்தபின் முழுப்பொறுப்பும் அவருடையதாயிற்று. 1986இல் ஓய்வுபெறும்வரை அவர் அவ்விடத்தை விட்டகன்றாரல்லர். ஓய்வுபெறுகையில் வயது எழுபத்திரண்டு.

இனி எண்கள். வென்ற ஆட்டங்கள் 1,332, தோற்றவை 571, வெற்றி தோல்வியின்றி முடிந்தவை 11. தேசிய வாகை பதினொன்று. அவற்றுள் 1970 முதல் 1974 வரை ஐந்தும் தொடர்ச்சியாக வந்தவை. வேறெந்தக் கல்லூரியும் இன்றுவரை தொடர்ந்து மூன்றேனும் பெற்றதில்லை. அவரிடம் பயின்றோருள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் அந்நாட்டின் மிகவுயர்ந்த தொழிற்குழுக்களிலே ஆடினர். ரொம் சீவர், றண்டி ஜோன்சன் ஆகிய இரு பந்துவீச்சாளரும் தொழிலாட்டத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட வெற்றிகளைப் பெற்றுப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். பிரெட் லின் என்பவர் 1975இல், ஒரே ஆண்டிலே, சிறந்த புதுமுகம் என்ற பட்டத்தையும் தமது பிரிவின் அதியுயர் ஆட்டக்காரர் என்ற பட்டத்தையும் முதன்முதல் ஒருங்கே பெற்றவர்.

இவ்வளவையுங் கூறியபின், இவ்வெண்களுக்காக அவரைப் போற்றவேண்டா என்று நாம் கூறினால் வாசகர் வியப்புறலாம். எண்களைக் கண்டு வியத்தல் எளிது; அவ்வெண்கள் எவ்வாறு விளைந்தன என்பதை ஆராய்தலே பயன்தருவது. எமது கல்லூரிகளுக்குப் பாடமாகக் கூடியன அங்கேதான் உள.

முதலாவது, காலம். தேசியச் சுற்றுப்போட்டி 1947இலேதான் ஆரம்பமாயிற்று. அடுத்த ஆண்டிலே பரியும் டேடோவும் இணைந்து நடத்திய அணி யேல் சர்வகலாசாலையைத் தோற்கடித்து வாகை சூடியது. பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியான மூத்த ஜோர்ஜ் புஷ்ஷே அந்த யேல் அணியின் தலைவராயிருந்தார். அடுத்த வாகை எப்போது வந்தது? 1958இல். இடையிற் பத்தாண்டுகள். 1957ஆம் ஆண்டு முடிவில் ஒருவர் கணக்குப் பார்த்திருப்பின் யாது கண்டிருப்பார்? இப்பயிற்றுநர் வந்து பதினாறு பருவங்கள் சென்றன, கிடைத்த தேசிய வாகை ஒன்றே, அதுவும் குருவுடன் பகிர்ந்துகொண்டது, தனிப்பொறுப்பேற்றபின் ஒன்றுமில்லை. கிண்ணத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது தோல்வியாகவே தோன்றும். அன்று அவரை நீக்கியிருப்பின் பின்வந்த பத்து வாகைகளும் இல்லை.

இங்கே எமது நிலைமையை எண்ணிப்பார்த்தல் தகும். ஒரு பெரும் போட்டியில் தோற்றால் அடுத்த ஆண்டே பயிற்றுநரை மாற்றவேண்டும் என்னுங் குரல் எங்கிருந்து எழுகின்றது? பெரும்பாலும் மாணவரிடமிருந்தன்று, பழைய மாணவரிடமிருந்தே. கூடாரத்தின் நிழலிலிருந்து ஆட்டம் பார்க்கும் எமக்கு அவசரம் மிகுதி. வருடத்திற்கொருவராகப் பயிற்றுநர் மாறினால், பன்னிரண்டு வயதிற் பந்தைத் தொட்ட சிறுவன் பதினெட்டு வயதாகுமுன் ஆறுவகைப் பாடங்களைக் கேட்டு, ஒன்றையும் முற்றக் கல்லாது வெளியேறுவான். மரத்தை ஆண்டுதோறும் பிடுங்கி வேர் பார்ப்பவனுக்குக் கனி கிட்டாது. கணித ஆசிரியரின் திறனை ஓராண்டுப் பெறுபேற்றால் நாம் அளப்பதில்லை. மைதானத்து ஆசிரியருக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்?

இரண்டாவது, பயிற்சியின் இயல்பு. டேடோவின் பெயரோடு வழங்கும் வாசகம் ஒன்றுண்டு: ஒரே பிழையை ஒருமுறையேனுஞ் செய்யாதே என்பது. நகைச்சுவைபோலத் தோன்றினும் இதிற் பொருளுண்டு. பந்து கையினின்று நழுவுதல் உடலின் பிழை. அது யார்க்கும் நேரும். எத்தளத்திற்கு எறிதல் வேண்டும் என்பதைப் பந்து வருமுன்னரே எண்ணாதிருத்தல் மனத்தின் பிழை. அதனை வருமுன் காத்தல் இயலும். பிறர் செய்த பிழையைக் கண்டு, அதனைத் தன் பிழையாகவே எண்ணித் திருந்திக்கொள்பவன் அப்பிழையை ஒருமுறையேனுஞ் செய்யவேண்டியதில்லையன்றோ? இது பேஸ்போலுக்கு மட்டும் உரிய பாடமன்று.

இதன் விளைவினை 1973ஆம் ஆண்டு ஒமாஹா நகரில் உலகங் கண்டது. தேசியச் சுற்றின் அரையிறுதி ஆட்டம். எதிரணி மினசோட்டா. அவர்களது பந்துவீச்சாளர் டேவ் வின்பீல்ட். பின்னர் தாமும் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற பெருவீரர். எட்டு முறைகளில் டேடோவின் மாணவர் ஓர் ஓட்டந்தானும் பெறவில்லை. ஏழுக்குப் பூச்சியம். எஞ்சியது ஒரே முறை. மூன்றுபேர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. அந்த ஒன்பதாம் முறையில் அவர்கள் எட்டு ஓட்டங்கள் பெற்று, எட்டுக்கு ஏழாக வென்றனர். பின்னர் இறுதியாட்டத்திலும் வென்று வாகை சூடினர். இதனை அதிர்ட்டம் என்பார் உளர். அதிர்ட்டத்திற்கும் இதிற் பங்குண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயின், ஏழு ஓட்டம் பின்தங்கி நிற்கும் இளைஞன், முதற்பந்தை எதிர்கொள்வதுபோலவே கடைசிப் பந்தையும் எதிர்கொள்ளும் மனநிலை அன்று மாலை வானத்தினின்று விழுந்ததன்று. பார்ப்போரில்லாத எத்தனையோ மாலைகளிற் பயிற்றி வைத்ததே அது.

இத்தகைய கண்டிப்புடையவர் கடுமுகத்தினரோ எனின், அல்லர். எதிர்ப்பட்ட யாவரையும் அவர் 'புலியே' என்றே விளிப்பாராம். வென்று மீளும் வண்டியிலே மாணவரைப் பாடச்செய்து தாமும் மகிழ்வாராம். கண்டிப்பும் களிப்பும் ஒருங்கே வாழலாம் என்பதை எமது ஆசிரியர் சிலரும் அறிவர். பலர் அறிதல் நன்று.

மூன்றாவது, வேதனம். இதனைப்பற்றிக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம் எனினும் மிகையாகாது. கொம்பனியின் வருவாய் போதியதாயிருந்தமையால், கல்லூரியிடமிருந்து டேடோ பெற்ற பெயரளவான வேதனம் ஆண்டிற்கு ஒரு டொலர். கேட்போர் உள்ளம் நெகிழும். பழைய மாணவன் ஒருவன் தன் கல்லூரிக்குச் செய்யத்தக்கது இதனினும் வேறுளதோ என்று தோன்றும்.

ஆயின் இங்குதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். இச்செய்தியிலிருந்து இருவேறு முடிபுகளுக்கு வரலாம். ஒன்று நேரியது, மற்றது கொடியது. நேரிய முடிபு இது: வசதிபடைத்த பழைய மாணவர், பணத்தோடு நில்லாது, தம் பொழுதையுங் கொடுக்கலாம். கட்டடத்திற் பொறிக்கும் பெயரைவிட, மாலைதோறும் மைதானத்திற்கு வரும் கால்கள் மாணவனுக்குப் பெரிய நன்கொடை. கொடிய முடிபு இது: அமெரிக்காவில் ஒருவர் ஒரு டொலருக்குப் பணிசெய்தார்; ஆகவே எமது பயிற்றுநரும் தொண்டுணர்வோடு கைப்பொருள் பெறாது உழைத்தல் வேண்டும். லொறிகளுக்கு உரிமையாளராயிருந்தவரால் ஒரு டொலருக்கு உழைக்க முடிந்தது. சைக்கிளில் வந்து, பந்துக்குக் காற்றடிக்கத் தன் காசைச் செலவிட்டு, இரவில் வீடு சென்று பிள்ளைகளின் பாடசாலைச் செலவை எண்ணிக் கவலுறும் இளைஞரிடம் அத்தியாகத்தைக் கோருதல் தொண்டைப் போற்றுதலன்று, உழைப்பைச் சுரண்டுதலேயாம். தியாகம் என்பது தருபவர் தாமாய்த் தருவது. பெறுபவர் அதனைக் கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

நான்காவது, தோல்வி. டேடோவின் கடைசி வாகை 1978இல் வந்தது. அதன்பின் எட்டுப் பருவங்கள் அவர் பணியிலிருந்தார். தேசிய வாகை கிட்டவில்லை. 1984இல், தமது எழுபதாவது வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவிலே காட்சிப் போட்டியாக நடைபெற்ற பேஸ்போலில் அமெரிக்க அணியை நடத்தினார். சொந்த நகரம், பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்ற மார்க் மக்குவையர் முதலியோர் அடங்கிய அணி. இறுதியாட்டத்தில் யப்பான் ஆறுக்கு மூன்றாக வென்றது. இருபதாண்டுகளுக்கு முன்னர், 1964இல், ரோக்கியோ ஒலிம்பிக்கிலும் அமெரிக்க மாணவரைக் கூட்டிச்சென்று யப்பானியருடன் ஆடவைத்தவர் அவரே. இரு நாட்டுக் கல்லூரி மாணவரும் ஆடும் தொடரொன்று 1972இல் ஆரம்பமாவதற்கும் உழைத்தவர். தாம் உறவு வளர்த்த நாட்டிடமே தோற்றார். அத்தோல்வியையும் அவரது பணியின் விளைச்சலாகவே நாம் கருதுகின்றோம். போட்டியாளன் உயர்வதனால் ஆட்டம் உயர்கின்றது. ஆட்டம் உயர்தலே ஆசிரியனின் ஊதியம்.

தொழிற்குழுக்களிற் புகழ்பெற்றோரை மேலே குறிப்பிட்டோம். ஆயின் ஒவ்வோர் அணியிலும் இருபதுக்கு மேற்பட்ட இளைஞர் இருந்திருப்பர். நாற்பத்தைந்து பருவங்களையும் பார்த்தால் புகழ்பெற்றோர் சிலரே. பெயர் வெளிவராதோர் மிகப் பலர். கல்லூரிப் பயிற்றுநரின் வாழ்க்கையை உண்மையில் அளக்கவேண்டுமாயின் அப்பெயரற்றோரிடமே அளவுகோலைக் கொண்டுசெல்லல் வேண்டும். அவர்களுள் ஒருவர் மைக் கில்லெஸ்பி. தொழிலாட்டத்திற் புகழ்பெற்றவரல்லர், 1961இல் வாகை சூடிய அணியில் ஆடியவர். டேடோ ஓய்வுபெற்றபின் அவ்விடத்திற்கு வந்தவர் இவரே. 1998இல் இவரது அணி தேசிய வாகையைப் பெற்றது. ஆட்டக்காரராயும் பயிற்றுநராயும் அவ்வாகையை வென்ற இரண்டாமவர் என்ற பெருமை இவருக்குக் கிட்டியது. பரி டேடோவுக்குக் கொடுத்ததை டேடோ கில்லெஸ்பிக்குக் கொடுத்தார். குருமரபு என்று நாம் சொல்வது இதனையன்றோ?

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இன்று பெரு வாணிபமாகிவிட்டது. அங்கிருந்து நாம் கற்பது என்ன என்று கேட்பர். உண்மையே. 2021இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்பின் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2025இல் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி கல்லூரிகளே மாணவ ஆட்டக்காரருக்கு நேரே பணங்கொடுக்கத் தொடங்கின. மாணவர் உழைப்பிற் பிறர் பொருளீட்டிய நிலையில் அவர்க்கும் பங்கு கிடைத்தல் நியாயமே. ஒரு டொலர்ப் பயிற்றுநரின் காலம் அங்கு மறைந்துவிட்டது. ஆயின் அதனாலேயே அக்காலத்தின் பாடம் எமக்கு வேண்டுவதாகின்றது. விளையாட்டினாற் பொருளீட்டும் நிலை எமது கல்லூரிகளுக்கு இல்லை. எம்மிடம் உள்ளவை ஒரு மைதானமும், ஆட விரும்பும் சிறுவரும், பழைய மாணவரின் அன்புமே. அவ்வன்பை எவ்வழியிற் செலுத்துவது என்பதே வினா.

எமது விடை சுருக்கமானது. பழைய மாணவர் சங்கங்கள் கிண்ணங்கள் வழங்குவதைச் சிறிது குறைத்துக்கொண்டு, பயிற்றுநருக்கு மாதந்தோறும் தவறாது கிடைக்கத்தக்க நியாயமான வேதனத்திற்கு ஒரு நிதி அமைத்தல் வேண்டும். ஒருவரை நியமித்தால் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அவரை அமைதியாய் உழைக்க விடுதல் வேண்டும். நேரமுஞ் செல்வமும் உடையோர் மைதானத்திற்கு வருதல் வேண்டும். கட்டளையிடுவதற்கன்று, பந்து பொறுக்கிக் கொடுப்பதற்கேனும். ஈற்றாக, அடுத்த விழா மலரிலே, அதிபர்களின் வரிசையைப் போன்று பயிற்றுநர்களின் வரிசையும், அவர்கள் பணிசெய்த ஆண்டுகளுடன் ஒரு பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். அப்பக்கத்தை நிரப்பப் பெயர்களைத் தேடும்போதுதான், எத்தனை பெயர்களை நாம் குறித்துவைக்கவில்லை என்பது புலனாகும்.

டேடோ 2006ஆம் ஆண்டு சனவரியில், தமது தொண்ணூற்றோராவது வயதிற் காலமானார். பெருங்குழுவில் அவர் ஆடியது இரண்டு ஆட்டங்கள். பிறரை ஆடவைத்தது ஓராயிரத்துத் தொளாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள். தான் அடைய முடியாததைப் பிறர்க்கு அடைவித்தலே ஆசிரியத் தொழில். அத்தொழிலை வகுப்பறையிற் செய்வோர்க்கு நாம் எழுந்து வணக்கஞ் செலுத்துகின்றோம். மைதானத்திற் செய்வோர்க்கும் அவ்வாறே எழுந்து நிற்கக் கற்போமாக.